38 ரூபாய் வாடகையும் பாழடைந்த தெருக்களும்

மும்பை கிர்காவில் எங்கள் பெரியப்பா குடியிருந்த அறைக்கு மாத வாடகை 38 ரூபாய். சுதந்திரத்துக்கு முந்தைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1990-களின் கடைசியிலும் அதே 38 ரூபாய்க்குத்தான் ரசீது வந்துகொண்டிருந்தது. மூன்று தளச் சால் அது, வரிசை அறைகளாகக் கட்டிய பழைய மும்பைக் குடியிருப்பு. மரப்படிக்கட்டு, தளத்துக்கு எட்டு அறை, அறைகளுக்கு முன்னால் நீளமாக ஓடும் பால்கனி, கோடியில் எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை. ஜூன் பிறந்து மழை தொடங்கிவிட்டால், இருக்கிற பாத்திரங்களை அடுப்பில் வைப்பதா ஒழுகும் இடத்தில் வைப்பதா என்று பெரியம்மா யோசிக்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்காரர் மகா கஞ்சன் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஓடு மாற்றச் சொன்னால் கையை விரிப்பார். பிற்பாடு ஒருநாள் சும்மா பெருக்கிப் பார்த்தேன். 24 அறை, அறைக்கு 38 ரூபாய், ஆக மாதம் 912 ரூபாய். வரி, தண்ணீர், மாடிப்படி விளக்கு எல்லாம் போக மிஞ்சுவதில் ஒரு தச்சரை இரண்டு நாள் வேலைக்குக் கூப்பிடலாம். மரம் வாங்கக் காசு இருக்காது.

ஊர் நடுவில் இருக்கும் பழைய பகுதிகள் ஏன் பாழாகின்றன, அவற்றுக்குப் புத்துயிர் கொடுப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் இந்தப் பெருக்கலிலிருந்துதான் தொடங்குவேன். பலரும் கட்டடக்கலையிலிருந்து தொடங்குவார்கள்: வளைவுகள், தூண்கள், வண்ணக் கண்ணாடி. அவை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வயதானதால் மட்டும் எந்தக் கட்டடமும் பாழாவதில்லை. கும்பகோணத்திலும் காரைக்குடியிலும் நூறு வயது தாண்டிய வீடுகள், அவ்வப்போது ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, இன்றும் திடமாக நிற்கின்றன. பராமரிக்க வேண்டியவருக்குப் பராமரிக்க ஒரு காரணமும் இல்லாமல் போனால்தான் வீடு விழத் தொடங்குகிறது. ஒரு வீட்டுக்கு அப்படி நடந்தால் அது குடும்பச் சண்டை. ஒரு தெருவுக்கே, ஒரு பேட்டைக்கே நடந்தால் அதற்குப் பின்னால் சட்டமும் பணமும் இருக்கும்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம், மும்பையில் இவற்றை ரொம்பவே குழப்புகிறார்கள். ஒழுகுவதை அடைப்பது ரிப்பேர். ஒரு கட்டடத்தை அதன் பழைய உருவத்துக்கும் பழைய பொருள்களுக்கும் மதிப்புக் கொடுத்துச் சரிசெய்வது மீட்டமைப்பு. இடித்துவிட்டு வேறொன்றைக் கட்டுவது நம் எல்லோர் வாயிலும் புழங்கும் ரீடெவலப்மென்ட். புத்துயிர் கொடுப்பது என்பது இவற்றில் எதையும் கருவியாகப் பயன்படுத்தலாம்; ஆனால் அதன் அலகு கட்டடம் இல்லை, பகுதி. வீடு, கடை, நடைபாதை, சாக்கடை, அங்கே நடக்கும் தொழில், அங்கே வாழ்பவர்கள் எல்லாம் சேர்ந்தது. நடுவில் ஒரே ஒரு அரண்மனையைப் பளபளவென்று ஆக்கிவிட்டுச் சுற்றியுள்ள சந்துகளில் சாக்கடை ஓடவிட்டால், அது மீட்டமைப்பு. புத்துயிர் ஆகாது.

பகடி என்னும் முடிச்சு

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் பிரிவினையை ஒட்டியும் பம்பாயில் கூட்டம் பெருகியது. கூட்டம் பெருகினால் வாடகை ஏறும். ஏழைகள் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று 1947-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1940 செப்டம்பர் 1 அன்று என்ன வாடகையோ, அதுவே நியாய வாடகை என்று வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். தற்காலிகம் என்று வந்த ஏற்பாடு நீட்டிக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டு அரை நூற்றாண்டு ஓடியது என்பதுதான் சிக்கல். 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வாடகையை இப்படி உறையவைத்தது காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று சொன்னது. அப்புறம் 1999-இல் புதுச் சட்டம் வந்து 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 4 சதவீதம் ஏற்றிக்கொள்ளலாம். பெரியப்பாவின் 38 ரூபாயில் அது ஒன்றரை ரூபாய்.

இதற்கிடையில் சந்தை தனக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. அதுதான் பகடி (கேலி என்னும் நம் பகடி இல்லை, இது மும்பைச் சொல்). குடிவருபவர் வீட்டுக்காரருக்கு மொத்தமாக ஒரு பெருந்தொகை கொடுப்பார். பிறகு காலம் முழுக்கச் சொற்ப வாடகை. விட்டுப் போகும்போது அடுத்தவரிடம் அன்றைய விலையில் பகடி வாங்கிக்கொண்டு, அதில் ஒரு பங்கை, பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கை, வீட்டுக்காரருக்குக் கொடுப்பார். பல காலம் சட்டத்துக்குப் புறம்பாகவே நடந்த இந்த வழக்கத்தை 1999 சட்டம் ஏற்றுக்கொண்டது. குடியிருப்பவர் வெறும் வாடகைதாரர் இல்லை, வீட்டுக்காரரும் முழு உரிமையாளர் இல்லை. ஒரு கட்டடத்துக்கு ஐம்பது அரை முதலாளிகள். முழு முதலாளி ஒருவரும் கிடையாது. ஒழுகும் கூரையை யார் மாற்றுவது என்ற கேள்விக்கு எல்லோரும் எதிராளியைக் கை காட்டலாம், எல்லோர் பக்கமும் கொஞ்சம் நியாயமும் இருக்கும்.

மழைக்காலத்தில் கட்டடங்கள் விழ ஆரம்பித்தபோது அரசு நடுவில் வந்தது. 1969-இல் ஒரு சட்டம், ஒரு பழுதுபார்ப்பு வாரியம். பழைய கட்டடங்களிடம் செஸ் என்று ஒரு சிறு வரி வசூலித்து, அந்தப் பணத்தோடு அரசுப் பணமும் சேர்த்து வாரியமே ரிப்பேர் செய்யும். அதனால்தான் இவற்றை இன்றும் செஸ் பில்டிங் என்கிறார்கள். தொடக்கத்தில் தெற்கு மும்பையிலும் மாட்டுங்கா, மாஹிம் வரையிலும் இப்படி 19,600-க்கு மேல் இருந்தன. பெரும்பான்மை 1940-க்கு முன்பு கட்டியவை. இன்று அந்த வாரியம் மகாராஷ்டிர அரசின் வீட்டுவசதி அமைப்பான மாடாவின் கீழ் இருக்கிறது. ஆண்டுதோறும் மழைக்கு முன்னால், மிக ஆபத்தானவை என்று ஒரு பட்டியல் வெளியிடுவார்கள். பட்டியலில் பெயர் வந்தாலும் பலர் வெளியேறுவதில்லை. பைத்தியக்காரத்தனம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். ஆனால் டிரான்சிட் கேம்ப் என்ற தற்காலிக வீட்டுக்குப் போனவர்களில் சிலர் இருபது, முப்பது வருடம் கழித்தும் திரும்பாததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். விழக்கூடிய கூரையா, திரும்ப முடியாத பயணமா என்று கேட்டால், கூரைக்குக் கீழேயே படுத்துக்கொள்கிறார்கள்.

மோரியும் அரசங்கன்றும்

கட்டடம் எந்த இடத்தில் முதலில் தோற்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. பழைய பம்பாய்க் கட்டடங்களில் பெரும்பாலானவற்றின் எலும்புக்கூடு மரம், நல்ல தேக்கு. இடையில் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. தேக்கு உலர்ந்திருக்கும் வரை அசையாது. உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஈரம் தங்கினால் அங்கே உளுக்கத் தொடங்கும். ஈரம் எங்கிருந்து வருகிறது? அறையின் மூலையில் பாத்திரம் கழுவவும் குளிக்கவும் இருக்கும் மோரியிலிருந்து. கோடியில் இருந்த பொதுக் கழிப்பறை போதாமல் அறைக்குள் தனியாகக் கட்டிக்கொண்ட கழிப்பறையிலிருந்து. விரிசல் விட்ட மழைநீர்க் குழாயிலிருந்து.

அந்த விரிசலில் காக்கை போட்ட ஒரு விதை முளைக்கும். அரசோ ஆலோ. மும்பையில் பழைய தெருவில் நடக்கும்போது நிமிர்ந்து பாருங்கள், மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு அரசங்கன்று தளதளவென்று நிற்கும். வேர் சுண்ணாம்பைத் தேடி உள்ளே போகும். அதை வெட்டிவிட்டு மேலே சிமென்ட் பூசுவார்கள். அது இன்னும் மோசம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சு அந்த மூச்சை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கி மரத்தைத் தின்னும். மரபுக் கட்டட வேலை தெரிந்த மேஸ்திரிகள் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு தொங்குவது பழமை மோகத்தால் இல்லை.

இடித்து வந்தது மாட்டுங்கா

இந்த ஊர் தன் பழைய பகுதிகளைச் சீர்திருத்தக் கிளம்பியது இது முதல் தடவை இல்லை. 1896-இல் மாண்ட்வி பக்கம் பிளேக் வந்தது. நெரிசலும் காற்றோட்டமின்மையும்தான் காரணம் என்று முடிவுகட்டி, 1898-இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்று ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். நெரிசலான பேட்டைகளைக் கிழித்துக்கொண்டு பிரின்சஸ் தெரு, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு போன்ற அகலச் சாலைகள் வந்தன. கடல்காற்று ஊருக்குள் நுழையும் என்பது கணக்கு. காற்று வந்தது. ஆனால் டிரஸ்ட் இடித்த அறைகளைவிடக் கட்டிக்கொடுத்தவை குறைவு. வெளியேற்றப்பட்ட ஏழைகள் பக்கத்துச் சந்துகளில் அடைந்துகொள்ள, நெரிசல் இரண்டு தெரு தள்ளிக் குடிபோனது, அவ்வளவுதான்.

அதே டிரஸ்ட் வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பக்கம் வயல்களையும் சதுப்பையும் மனைகளாக வகுத்தது. அந்த மனைகளில் எழுந்த கட்டடங்களில்தான் நம் ஆட்கள் வந்து குடியேறினார்கள். கோட்டைப் பகுதிக் கம்பெனிகளில் டைப்பிஸ்ட்டாகவும் ஸ்டெனோவாகவும் கணக்கராகவும் வேலை பார்த்தவர்கள். 1932-இல் சவுத் இண்டியன் எஜுகேஷன் சொசைட்டி பள்ளி தொடங்கும் அளவுக்கு இங்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. மாட்டுங்காவில் மல்லிகைப் பூவும் டிகிரி காபியும் கிடைப்பதற்குப் பின்னால் மாண்ட்வியின் பிளேக் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருக்கும்.

இந்த இடித்துத் திறக்கும் முறையைப் பார்த்து எரிச்சல்பட்டவர்களில் ஒருவர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர், படித்தது உயிரியல். 1914-இல் இந்தியா வந்து, தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட சென்னை மாகாண ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார். ஊரை ஒரு நோயாளியைப் போலப் பார்த்தார் அவர். காலில் புண் என்றால் காலையே எடுக்கும் வைத்தியரை யாராவது மெச்சுவார்களா? தெருத்தெருவாக நடந்து, எந்த வீடு உண்மையிலேயே தேறாதோ அதை மட்டும் எடுத்து, அந்தக் காலி இடத்தில் ஒரு மரமும் திண்ணையும் வைத்து, குறுகிய சந்தை அங்கங்கே கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும், நேர்கோட்டில் சாலை போட்டுப் பாதி ஊரை அழிக்க வேண்டாம் என்றார். செலவும் குறைவு, வெளியேற்றப்படுபவர்களும் குறைவு. பழைய பகுதிகளை மீட்பதைப் பற்றி இன்று உலகம் பேசும் பேச்சில் பாதி இதில் அடங்கிவிடுகிறது. கெடிஸின் முறைக்கு ஒரே குறை, அதற்குப் பொறுமை வேண்டும். டெண்டர் விடுபவர்களுக்கு நேர்கோடுதான் வசதி.

பெயர்ப்பலகையில் தொடங்கிய கதை

இப்போது இதே ஊரில் நடந்த இரண்டு வகைகளைப் பார்ப்போம். முதலாவது மெதுவானது.

1995-இல் பம்பாயில் பாரம்பரியக் கட்டடங்களுக்கான விதிகள் வந்தன. நாட்டில் ஒரு நகரத்துக்கு இப்படி வந்தது இதுவே முதல் தடவை. கட்டடங்களைத் தரம் பிரித்தார்கள். முதல் தரத்தில் இருப்பதைக் கிட்டத்தட்டத் தொடக்கூடாது. இரண்டாம் தரத்தில் அனுமதியோடு அளவான மாற்றம். மூன்றாம் தரத்தில் இன்னும் தாராளம். தனிக் கட்டடங்கள் மட்டுமின்றி, முழுத் தெருக்களும் வளாகங்களும்கூடப் பட்டியலில் சேர்ந்தன.

சட்டம் தடை போடலாம், கூரையை மாற்றாது. டி.என். ரோட்டில் நடந்ததை இதற்காகத்தான் சொல்ல வேண்டும். சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ரயில் நிலையத்திலிருந்து ஃபுளோரா ஃபவுண்டன் வரை போகும் சாலை. இரு பக்கமும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள், கீழே மழை நனையாமல் நடக்கத் தொடர் வளைவுகள். 1990-களில் அந்த வளைவுகள் கண்ணுக்கே தெரியாது, எல்லாம் பெயர்ப்பலகை. கட்டடக்கலை நிபுணர்கள் தெருவை அளந்து, எந்த வளைவில் எந்த அளவில் பலகை வைத்தால் கட்டடம் மறையாது என்று வரைந்து காட்டினார்கள். அங்கே கடையும் அலுவலகமும் வைத்திருந்தவர்கள் சங்கம் அமைத்து, பேசிப் பேசி, பலகைகளை வளைவுக்குள் அடக்கினார்கள். யாரும் வீட்டை இழக்கவில்லை, எதுவும் இடியவில்லை. ஆனால் பலகை இறங்கியதும் கட்டடம் தெரிந்தது. கட்டடம் தெரிந்ததும் அதன் விரிசலும் தெரிந்தது. விரிசல் தெரிந்தால் யாராவது ஒருவருக்குக் கூச்சம் வரும். சின்ன வேலை என்று இளக்காரமாக நினைத்த எனக்கு இது புரிய நாளாயிற்று.

பக்கத்திலேயே காலா கோடா. கறுப்புக் குதிரை என்று அர்த்தம். ஏழாம் எட்வர்ட் குதிரைமேல் உட்கார்ந்திருந்த சிலையை 1965-இல் பைகுலா உயிரியல் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். குதிரை போனாலும் பெயர் போகவில்லை. 2017-இல் ஆள் இல்லாத வெறும் குதிரையைப் புதிதாக நிறுத்தினார்கள். இங்கே 1998-இல் ஒரு சங்கம் உருவாகி, மறு ஆண்டிலிருந்து கலைவிழா நடத்துகிறது. விழாவில் சேரும் பணமும் ஸ்பான்சர் பணமும் அந்த வட்டாரத்து நடைபாதைக்கும் கட்டடங்களுக்கும் போகின்றன. கூட்டத்தை வரவழைத்து அந்தக் கூட்டத்தையே மூலதனமாக்கும் உத்தி. 2018-இல் இந்த வட்டாரத்தோடு சேர்த்து விக்டோரிய, ஆர்ட் டெக்கோ பாணிக் கட்டடங்கள் 94 யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின.

ஆனால் அங்கேயே, எல்லா விளக்கு வெளிச்சத்துக்கும் நடுவில், எஸ்பிளனேட் மேன்ஷன் நிற்கிறது. பழைய வாட்சன் ஹோட்டல். வார்ப்பிரும்புச் சட்டங்களை இங்கிலாந்தில் வார்த்துக் கப்பலில் கொண்டுவந்து 1860-களில் பூட்டிய கட்டடம். 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் படங்களை இந்தியாவில் முதன்முதலாகத் திரையிட்டது இங்கேதான். 2005-இல் அதன் ஒரு பகுதி சரிந்தது. உலக நினைவுச்சின்ன நிதியத்தின் 2006-ஆம் ஆண்டு ஆபத்துப் பட்டியலிலும் ஏறியது. 2019-இல் உள்ளே இருந்தவர்களை வெளியேற்றினார்கள். இவ்வளவு பேர், இவ்வளவு பெருமை, உலகக் கவனம் எல்லாம் இருந்தும் வாடகை முடிச்சு அவிழவில்லை. பெயர்ப்பலகை உத்தியின் எல்லை இது.

இந்த முடிச்சுக்கென்றே ஒரு கருவி உண்டு: டிடிஆர், மாற்றத்தக்க கட்டட உரிமை. உங்கள் மனையில் சட்டப்படி இன்னும் இரண்டு மாடி கட்டலாம், ஆனால் பாரம்பரியப் பட்டியலில் இருப்பதால் அனுமதி இல்லை. சரி, அந்த இரண்டு மாடி உரிமையைச் சான்றிதழாகத் தருகிறோம், புறநகரில் கட்டும் பில்டருக்கு விற்றுக்கொள்ளுங்கள், அந்தக் காசில் உங்கள் கட்டடத்தைச் சரிசெய்யுங்கள் என்பது ஏற்பாடு. யோசனை அழகானது. கோட்டையில் ஒரு வளைவு தப்பிக்க போரிவிலியில் இரண்டு மாடி ஏறுகிறது. பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் எளிதில் கைக்கு எட்டும் கருவி என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

பூவரசு நின்ற பஜார்

இரண்டாவது வகை, ஒட்டுமொத்தமாக இடித்துக் கட்டுவது. பெண்டி பஜார் அதற்குப் பெரிய உதாரணம். அந்தப் பெயருக்கு ஒரு காரணம், அங்கே நின்ற பெண்டி மரங்கள் என்பார்கள். மராத்தியில் பெண்டி என்றால் நம் பூவரசு. (காய்கறி வெண்டைக்கும் அங்கே அதே பெயர்தான் என்பதால் வெண்டைக்காய்ச் சந்தை என்று நினைத்திருந்தேன், வெகுநாள்.) அடுத்த தெரு சோர் பஜார். பழைய வீடுகளின் கதவு, விளக்கு, கண்ணாடி அலமாரி எல்லாம் விலைக்கு வந்து கிடக்கும். காரைக்குடியில் செட்டிநாட்டு வீட்டுத் தூண்கள் கடைக்கு வருவது போலத்தான்.

2009-இல் தாவூதி போரா முஸ்லிம் சமூகத் தலைவரின் முயற்சியில் ஓர் அறக்கட்டளை அமைந்து, 16.5 ஏக்கரில் சுமார் 250 கட்டடங்களை வாங்கி, இடித்து, கோபுரங்களாகக் கட்டத் தொடங்கியது. அங்கே 3,200 குடும்பங்கள், 1,250 கடைகள். குடும்பத்துக்குக் குறைந்தது 350 சதுர அடி, சொந்தமாகவே. ஒரு கட்டடத்தைத் தனியாக மாற்றினால் சந்து அதே அகலம்தான், சாக்கடை அதே குழாய்தான். மொத்தமாகச் செய்தால் சாலை, கழிவுநீர், தீயணைப்பு வண்டி வரும் வழி எல்லாம் மாறும். இதற்குக் கிளஸ்டர் என்று பெயர், விதி எண் 33(9).

பணம் எங்கிருந்து வருகிறது? இங்கே எஃப்எஸ்ஐ என்ற சொல்லைப் புரிந்துகொண்டே ஆகவேண்டும். மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் அது. கணக்குக்காக 10,000 சதுர அடி மனை என்று வைத்துக்கொள்வோம். தெற்கு மும்பையில் அடிப்படை எஃப்எஸ்ஐ 1.33, ஆக 13,300 சதுர அடி. ஆனால் விதி வருவதற்கு முன்பே கட்டிய பழைய சாலில் ஏற்கெனவே 18,000 சதுர அடியில் ஆட்கள் இருப்பார்கள். இடித்துவிட்டு விதிப்படி கட்டினால் இருப்பவர்களுக்கே இடம் போதாது. அதனால் செஸ் பில்டிங்குக்கு 3 தருகிறார்கள், கிளஸ்டருக்கு 4. 3 என்றால் 30,000. அதில் இருப்பவர்களுக்கு 20,000 இலவசமாகக் கொடுத்துவிட்டு, மிச்சம் 10,000-ஐ பில்டர் சந்தை விலைக்கு விற்பார். அதாவது நம் புது வீட்டுக்கான செலவை மேல்மாடியில் வாங்கப்போகும் முகம் தெரியாத ஒருவர் கொடுக்கிறார். விலை ஏறிக்கொண்டே இருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். சந்தை படுத்தால் இடித்த மனை பள்ளமாகவே கிடக்கும், வெளியே தங்கியிருப்பவர்களுக்கு பில்டர் கொடுக்கும் வாடகை ஈட்டுத்தொகை நின்றுபோகும்.

வேலை நிதானமாக நடந்துகொண்டிருந்தபோதே, 2017 ஆகஸ்ட் 31 காலையில் அந்த வட்டாரத்தில் ஹுசைனி என்ற பழைய கட்டடம் விழுந்து 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். திட்டத்தின் கீழ் காலி செய்யப்பட வேண்டிய கட்டடங்களில் அதுவும் ஒன்று. இடிக்காமல் காப்போம் என்று வாதிடும் என்னைப் போன்றவர்கள் அந்தத் தேதியை மறக்கக் கூடாது. 2020 வாக்கில் முதல் இரண்டு கோபுரங்கள் தயாராகிக் குடும்பங்கள் திரும்பின. போனவர்கள் திரும்பினார்கள் என்பது இந்த ஊரில் சாதாரண விஷயம் இல்லை. அதே சமயம், மாடியிலிருந்து கூடையை இறக்கி ரொட்டி வாங்கிய தெரு நாற்பது மாடிக் கோபுரத்தில் திரும்பி வராது. அதைக் குறையாகச் சொல்ல ஒழுகாத வீட்டில் இருக்கும் எனக்கு எவ்வளவு உரிமை என்று தெரியவில்லை.

தாராவியைப் பற்றிப் பேசவில்லையே என்று சிலர் கேட்கலாம். திருநெல்வேலிக்காரர்கள் பாதிப்பேர் அங்கே இருக்க, கேட்பது நியாயம்தான். ஆனால் அதன் நில உரிமைக் கதை முற்றிலும் வேறு, இதில் திணித்தால் இரண்டும் குழம்பிவிடும்.

மூன்றாவது வகை, சின்னங்களோடு அங்கே வாழ்பவர்களையும் சேர்த்துக் கவனிப்பது. அதற்கு மும்பையைவிட டெல்லி நிஜாமுதீன் நல்ல உதாரணம். 2007-இல் ஆகா கான் அறக்கட்டளை, மத்திய தொல்லியல் துறையோடும் மாநகராட்சியோடும் சேர்ந்து அங்கே இறங்கியது. ஹுமாயூன் கல்லறையைப் புதுப்பித்ததுதான் செய்திகளில் வந்தது. கூடவே பஸ்தியின், அதாவது பக்கத்தில் இருக்கும் நெரிசலான குடியிருப்பின், மாநகராட்சித் தொடக்கப்பள்ளி, மருத்துவமனை, பொதுக் கழிப்பறை, பெண்களுக்கான தொழில் பயிற்சி என்று இறங்கினார்கள். 2008-இல் ஒரு சுவர் சரிந்த பதினான்காம் நூற்றாண்டுப் படிக்கிணற்றை மீட்க, அதன் மேல் குடியிருந்தவர்களோடு பேசி மாற்றிடம் பார்த்தார்கள். கல்லறைக்கு விளக்குப் போடுவதற்கும் பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கட்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பஸ்தியில் இருப்பவர்களுக்கு அந்தச் சின்னங்களால் ஒரு நன்மையும் இல்லை என்றால் அவர்கள் ஏன் காக்க வேண்டும்? மறுபடியும் அந்தப் பழைய காரணக் கணக்குதான்.

உங்கள் பகுதிக்கு ஒரு திட்டம் வந்தால்

படங்களில் எப்போதும் மரம், சைக்கிள், பலூன் பிடித்த குழந்தை இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு, வேலை முடிந்த பத்தாவது வருடம் மாதாமாதம் யார் என்ன கட்ட வேண்டும் என்று கேளுங்கள். 38 ரூபாய் கொடுத்தவருக்கு லிஃப்ட், பம்ப், காவலாளி என்று சில ஆயிரம் பராமரிப்பு வரும். கார்ப்பஸ் என்று பில்டர் ஒரு தொகை கொடுப்பார், அதன் வட்டி அதற்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். போதவில்லை என்றால், வீடு கைக்கு வந்தும் விற்றுவிட்டு விராருக்கோ பன்வேலுக்கோ போக வேண்டியிருக்கும். யாரும் வெளியேற்ற மாட்டார்கள், செலவே வெளியேற்றிவிடும். பழைய பகுதி அழகானதும் வாடகை ஏறி, டீக்கடை இருந்த இடத்தில் முந்நூறு ரூபாய்க் காபிக் கடை வருவதும் இதே நோய்தான்.

அப்புறம், பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எல்லாத் திட்டமும் தகுதியானவர்கள் என்று ஒரு பட்டியலில் தொடங்கும். ரசீது இருப்பவர் உள்ளே. உள்வாடகைக்கு இருப்பவர், படிக்கட்டடியில் தையல் மெஷின் போட்டவர், நடைபாதையில் பழம் விற்பவர் வெளியே. 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: ஐம்பது வருடத்துக்கு மேல் தெரு வியாபாரம் நடந்துவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருக்கும் வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது. கல்லுக்கு மட்டும் இல்லை, கூடைக்கும் பாரம்பரியம் உண்டு என்று சட்டமே சொல்கிறது. எழுதியபடி எத்தனை இடத்தில் நடக்கிறது என்பது வேறு.

பெரியப்பாவின் சால் இப்போது இல்லை. பெரும்பாலானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், பெரியம்மாவும் போட்டார். ஆறு வருடம் டோம்பிவிலியில் மகன் வீட்டில் இருந்துவிட்டு, பதினோராவது மாடியில் ஒழுகாத ஒரு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். உள்ளேயே கழிப்பறை, ஜன்னலில் ஓரத்தில் கடல். குறை சொல்ல மாட்டேன் என்கிறார். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது ஒரு பட்டுப்புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே இஸ்திரி போடுவது என்று கேட்டார். சாலின் படிக்கட்டுக்கு அடியில் மரப்பெட்டி போட்டு, கரி இஸ்திரிப்பெட்டியோடு முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவரைப் பற்றிக் கீழே காவலாளியிடம் விசாரித்தேன். அவர் வேலைக்கு வந்தே இரண்டு வருடம்தானாம், அப்படி ஒருவரைத் தெரியாது என்றார். புடவையை நான் மாட்டுங்காவுக்கு எடுத்து வந்துவிட்டேன்.